காடாகிப் போன வீட்டுத் தோட்டம்: சேலத்துக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

கன்னங்குறிச்சியில் எங்கள் அம்மா வீடு. வீடு போக ஆறு சென்ட் தோட்டம். முட்டி வலி வந்து அம்மா தோட்டத்தில் இறங்குவதை நிறுத்தி நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் கொல்லைக் கதவைத் திறக்கப் போனால் திறக்க வரவில்லை. வெளிப்பக்கக் கைப்பிடியைக் கோவைக்கொடி சுற்றிப் பிடித்திருந்தது. தள்ளித் தள்ளி ஓர் ஆள் நுழையும் சந்து கிடைத்ததும் எட்டிப் பார்த்தேன். துணி துவைக்கிற கல் எந்தப் பக்கம் இருந்தது என்றே தெரியவில்லை.

அதை ஒழுங்குக்குக் கொண்டுவர ஒன்றரை வருஷம் ஆனது. பார்த்துவிட்டுப் போகிற சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் ஒரே கேள்விகளைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

வழியிலிருந்து. கொல்லைக் கதவிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, குழாயிலிருந்து பின் காம்பவுண்டு வரை, மூன்றடி அகலத்துக்கு ஒரு நடைபாதை. முதல் மாதம் அதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். கொடுவாள் கையில் இருந்தால் எல்லாவற்றையும் சீவத்தான் தோன்றும். அப்படிச் சீவித்தான் நான் அம்மாவின் பவளமல்லிக் கன்றை முதல் நாளே உண்ணிச்செடியோடு சேர்த்து வெட்டினேன். இரண்டு இலையும் சொரசொரப்பாக இருக்கும். அவசரத்தில் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வழி போடும்போது ஒரு நீளக் கம்பால் முன்னால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். பாம்புக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய வீடுகளில் தூர்ந்த கிணறு, செப்டிக் டேங்க் மூடி, மூடாமல் விட்ட போர்வெல் குழாய் எல்லாம் புல்லுக்கு அடியில் இருக்கும். எங்கள் வீட்டில் கம்பு 'டொக்' என்றது. இலைக்குப்பையை விலக்கினால் துவைக்கிற கல். சோப்புக்கட்டி வைக்கும் குழியில் மண் நிறைந்து, அதில் ஒரு கீழாநெல்லி முளைத்திருந்தது.

வழி கிடைத்த பிறகு, பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு, இருக்க வேண்டிய செடிக்கெல்லாம் ஒரு துண்டு கட்டுங்கள். சந்தேகமானதற்கும் கட்டுங்கள். துணி கட்டாததை மட்டும்தான் ஆள் வெட்ட வேண்டும்.

எந்த மாதம் நல்லது?

பொங்கல் முடிந்து, தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் மண்ணில் கொஞ்சம் மிச்சமிருக்கும், வேர் வரும். வெயிலும் தாங்கும். பங்குனிக்கு மேல் நம்ம ஊர் செம்மண்ணில் கடப்பாரை போட்டால் கைதான் அதிரும்.

ஒரு சிக்கல் உண்டு. தைக்குள் களைகள் பூத்து விதை உதிர்த்து முடித்திருக்கும். அதனால் புரட்டாசியிலேயே ஒரு தடவை போய், பூ வைத்த களைகளின் தலையை மட்டும் சீவி எடுத்துவிடுங்கள். அரை நாள் வேலை. அடுத்த வருஷத்துக் களையில் பாதி அதிலேயே குறையும்.

சித்திரையில் ஓர் இடிமழை பெய்த மறுநாளும் நல்ல நாள்தான். பார்த்தீனியக் களை வெண்ணெயில் நூல் இழுத்த மாதிரி வேரோடு வரும்.

பாம்பு இருக்குமே?

இருக்கும். எங்கள் தோட்டத்தில் இருந்தது சாரை. ஆளைக் கண்டதும் சுவரோரம் ஓடிப் போய்விட்டது. விஷமில்லாதது, எலி பிடிப்பது. அதை விட்டுவிடுங்கள். பயப்பட வேண்டியது நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும். கண்ணாடி விரியன் சருகு நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. குக்கரில் ஆவி பீறிடுகிற மாதிரி சீறல் கேட்டால் அப்படியே நின்று, வந்த வழியே பின்வாங்குங்கள்.

வெயில் ஏறி வெளிச்சம் நன்றாக விழுந்த பிறகு இறங்குங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். தரையை மிதித்து நடங்கள், அதிர்வு தெரிந்தாலே பெரும்பாலும் விலகிப் போய்விடும். குவியலுக்குள் கையை விடாதீர்கள், கம்பால் புரட்டுங்கள். வெட்டிப் போட்ட குவியலை ஒரு வாரம் அப்படியே விட்டால் அதுவே புது வீடு ஆகிவிடும். இதைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள். பாம்பு தென்பட்டால் தீயணைப்புத் துறைக்கு, 101க்கு, சொல்லுங்கள். வந்து பிடித்துப் போவார்கள். அடிக்க வேண்டாம், சட்டப்படியும் தப்பு.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழையுங்கள். விஷமுறிவு மருந்து இருப்பது அரசு மருத்துவமனையில். பச்சிலை வைத்தியரிடம் போகிற அரை மணி நேரம்தான் ஆளைக் கொல்கிறது.

பொக்லைன் விட்டு ஒரே நாளில் வழித்தெடுத்தால் என்ன?

எங்கள் தெருவில் ஒருவர் செய்தார். மேல்மண் ஒரு முழத்துக்குப் போனது. கீழே இருந்த சரளை மேலே வந்தது. முதல் மழையில் அங்கே முதலில் முளைத்தது பார்த்தீனியம், அதைத் தவிர வேறொன்றும் முளைக்கவும் இல்லை. இருட்டில் கிடந்த களை விதைக்கு வெளிச்சம் காட்டியதுதான் மிச்சம். மேல்மண் உருவாகப் பல வருஷம் ஆகும். வீடு கட்டப் போகிறீர்கள் என்றால் சரி, தோட்டம் வேண்டும் என்றால் வேண்டாம்.

எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது?

எனக்குக் கைகொடுத்தது ஒரு கணக்கு. இந்தச் செடி வருஷத்துக்கு எத்தனை தடவை என்னைக் கூப்பிடும்?

நந்தியாவட்டை ஒரு தடவை கூப்பிடும், உயரம் குறைக்க. கறிவேப்பிலை இரண்டு தடவை. பக்கக் கன்றுகளைத் தோண்டி எடுக்க, நுனி ஒடிக்க. நுனியை நாம்தான் தினமும் ரசத்துக்கு ஒடிக்கிறோமே, அதனால் ஒன்று என்றே வைத்துக்கொள்ளலாம். குண்டுமல்லிக்குக் கார்த்திகையில், அதாவது நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாக வெட்ட வேண்டும். அப்புறம் பங்குனியிலிருந்து பூப் பறிக்கிற வேலைதான், அதை வேலை என்று யார் சொல்வார்கள். முருங்கை விடாமல் கூப்பிடும். வெட்டாவிட்டால் மாடிக்கு மேல் போய், காய் காக்காய்க்குத்தான். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வேறு. ஆனாலும் முருங்கையை எடுக்க மனசு வராது. ஒன்று போதும், ஆள் உயரத்திலேயே ஒடித்து ஒடித்து வையுங்கள்.

ரோஜா வாராவாரம் கூப்பிடும். எங்கள் வீட்டில் பதினான்கு தொட்டி ரோஜா இருந்தது. இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டேன். காகிதப்பூ வருஷத்துக்கு நாலு தடவை கூப்பிட்டு, ஒவ்வொரு தடவையும் ரத்தம் பார்க்கும். வேலியோரம் இருந்தால் சரி, நடைபாதை ஓரம் என்றால் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஏற்காட்டுச் செடிகள். மே மாதக் கோடை விழாவுக்குப் போய், திரும்பும்போது ஹைட்ராஞ்சியாவும் பிகோனியாவும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வராத குடும்பம் சேலத்தில் உண்டா? அங்கே 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் இருந்த செடி. இங்கே சித்திரை வெயிலில் பகல் முழுக்க வாடி, சாயங்காலம் தண்ணீர் கேட்டு நிற்கும். தினமும் கூப்பிடுகிற செடி என்றால் இதுதான். எங்கள் வீட்டில் காலித் தொட்டியாக மட்டும் இருபத்திரண்டு எடுத்தேன், பாதியில் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு.

கூட்டிப் பார்த்தேன். இருந்த செடிகள் வருஷத்துக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் கூப்பிடும். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வரக்கூடிய எனக்கு அது எப்படி ஒத்துவரும்? அம்மாவால் தினமும் முடிந்தது, நட்டார். தோட்டம் காடானதற்கு யாருடைய சோம்பேறித்தனமும் காரணம் இல்லை.

மாமரத்தைக் கவாத்து செய்யலாமா?

செய்யலாம், ஆனால் காய் பறித்து முடிந்ததும், ஆடிக்குள். கார்த்திகையில் வெட்டினால் தையில் பூக்க வேண்டிய கிளையையே வெட்டுகிறீர்கள். எங்களுடையது மல்கோவா. சும்மாவே யோசித்து யோசித்துக் காய்க்கும் மரம். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்நோக்கி வளர்வது, இவற்றை எடுத்தாலே வெளிச்சம் வந்துவிடும். ஒரே வருஷத்தில் கால்வாசிக்கு மேல் எடுக்க வேண்டாம்.

தானாக முளைத்த மரங்களை வெட்டலாம்தானே?

வேம்பு, சவுண்டல், ஆமணக்கு மாதிரி முளைத்ததைச் சின்னதிலேயே பிடுங்கலாம். சுவர் இடுக்கில் அரசு, ஆல் முளைத்திருந்தால் இன்றைக்கே எடுங்கள். ஆனால் ஒன்றைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

கிணற்று மேட்டுக்குப் பின்னால் என் தோள் உயரத்தில் ஒரு செடி. எதிரெதிர் இலை, மினுமினுப்பு, கொத்தாகச் சின்னச் சின்ன அரக்குநிறப் பூ. துணி கட்டாமல் விட்டிருந்தேன். வேலைக்கு வந்த பெரியவர் கொடுவாளை ஓங்கினவர் அப்படியே நிறுத்தினார்.

"ஏம்மா, இது சந்தனம்மா. இதுல கத்தி வைக்காதீங்க."

"நாங்க யாரும் நடலீங்களே?"

"யார் நடுவா? குருவி போட்டதுதான்."

சேர்வராயன் மலை அடிவாரத்தில் இது நடக்கிற விஷயம். கறுப்புப் பழத்தைப் பறவை தின்று எச்சத்தில் போட்டுவிடும். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரோடு தன் வேரை ஒட்டித் தண்ணீரும் சத்தும் எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கத்தில் இருந்த செம்பருத்தியையும் நான் விட்டுவைத்தேன். உங்கள் பட்டா நிலத்தில் இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் சந்தனத்தை வெட்டக் கூடாது. வளர்ந்த மரமாக இருந்தால் வனத்துறையிடம் தகவல் சொல்லி வைப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாமல் இருப்பதும் பாதுகாப்பு.

கோரையும் அருகும் எவ்வளவு பிடுங்கினாலும் வருகிறதே?

கோரையைப் பிடுங்கவே கூடாது. மேலே பிடித்து இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே தங்கிவிடும். ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிப் பாருங்கள். நூலில் கோத்த மணி மாதிரி ஒரு கிழங்கிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று போகும். களைக்கொத்தால் கொத்தினால் நூல் அறுந்து ஒன்று பத்தாகும். ஈரமாக இருக்கும்போது மண்ணோடு பெயர்த்து, நூலைப் பிடித்துக்கொண்டே போய்க் கிழங்கைப் பொறுக்க வேண்டும். நான் ஒரு சென்ட்டுக்கு மூன்று ஞாயிறு உட்கார்ந்தேன். கறுப்பு பிளாஸ்டிக் தாளை விரித்தால் குத்திக்கொண்டு வெளியே வரும், அந்தக் காசு எனக்குப் போயிற்று. கோரைக்கு ஆகாதது நிழல் ஒன்றுதான். பொறுக்கிய இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கமாக நட்டேன். இரண்டு மழைக்குள் தரையை மூடிவிட்டது. இன்னும் அங்கொன்றும் இங்கொன்றும் தலைகாட்டுகிறது, பரவாயில்லை.

அருகு மேலே ஓடும் தண்டும் கீழே ஓடும் தண்டுமாகப் பரவும். கணு தங்கினால் முளைக்கும். பிள்ளையாருக்கு ஒரு மூலையில் விட்டுவிட்டு மற்றதைத் தோண்டுங்கள்.

பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறை போட்டு, வேரோடு எடுங்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரக்கூடிய செடி, ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். உண்ணிச்செடியை மேலே வெட்டினால் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். தரைக்கு இரண்டு மூன்று விரல் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்துக்கும் அடியில் வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும்.

களைக்கொல்லி அடித்தால் வேலை சுலபம்தானே?

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் அனுமதி பெற்றவர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு சென்ட்டில் கறிவேப்பிலைக்கும் களைக்கும் நடுவே நாலு அடி கூட இடைவெளி கிடையாது. காற்றடித்தால் என்ன ஆகும்? சிலர் உப்புக் கரைசல் சொல்வார்கள். லிட்டருக்கு 200 கிராம் உப்பு என்று பார்த்தீனியத்துக்குச் சொல்வது தரிசுக்கும் சாலையோரத்துக்கும் சரி. வீட்டு மண்ணில் அந்த உப்பு தங்கிவிடும்.

வெட்டிய குப்பை மலை மாதிரி கிடக்கிறது. கொளுத்திவிடலாமா?

வேண்டாம். தோட்டக் குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. அதோடு அந்தக் குவியலில் அரளி இருந்தால் புகையே விஷம். அரளிக் குச்சியை வெந்நீர் அடுப்பிலும் வைக்காதீர்கள்.

விரல் தடிமனுக்கு மேல் உள்ளதை விறகுக்குப் பிரித்து வையுங்கள். இலை தழைக்குக் கம்பி வலையை மூன்றடி விட்டத்துக்கு வளையமாகக் கட்டி, காய்ந்த சருகு மூன்று கூடை, பச்சை ஒரு கூடை என்று மாற்றி மாற்றிப் போட்டு, நடுநடுவே சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளிக்கலாம். கையில் பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை புரட்டினால் மூன்று மாதத்தில் உரம். நாற்றம் அடித்தால் பச்சை அதிகம் என்று அர்த்தம், சருகைச் சேருங்கள்.

புரட்டும்போது கட்டை விரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வண்டானால் உங்கள் தென்னை இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். கோரைக் கிழங்கையும் பூத்த பார்த்தீனியத்தையும் உரக்குழியில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கக் கட்டி மொட்டை மாடி வெயிலில் ஒரு மாதம் வையுங்கள், வெந்துவிடும்.

நட்டவங்க வீட்டிலேயே இருக்காங்க. ஒரு செடியைத் தொட விடமாட்டேங்கறாங்க. என்ன செய்ய?

எங்கள் அம்மாவும் அப்படித்தான். பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எதைத் தொட்டாலும் "அது உங்க பெரியம்மா கொடுத்தது" என்பார். எல்லாமே யாரோ கொடுத்ததுதான். செம்பருத்தி மட்டும் ஒன்பது, அதில் ஆறு ஒரே சிவப்பு.

அப்புறம் நான் கேள்வியை மாற்றினேன். "எதை எடுக்கட்டும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்த நாற்காலியிலிருந்து தினமும் எதைப் பார்க்கணும்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து மனோரஞ்சிதம், மல்லி, அந்த அடுக்குச் செம்பருத்தி என்று மூன்றைச் சொன்னார். அவற்றைப் பின்வாசலுக்கு நேராக ஒழுங்குபடுத்தினேன். மற்றதில் குச்சி எடுத்துக் கன்று போட்டு, கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். வெட்டினது வலித்தது, கொடுத்தது வலிக்கவில்லை அவருக்கு. இரண்டு செம்பருத்தி விஷயத்தில் நான் தோற்றேன், இன்னும் நிற்கின்றன.

எங்கள் தோட்டம் ஏற்காட்டில். இதெல்லாம் அங்கேயும் பொருந்துமா?

பாதி பொருந்தாது. அங்கே சரிவு. மொத்தமாகச் சுத்தம் செய்தால் அடுத்த மழையில் மண் கீழ் வீட்டுக்குப் போய்விடும். சரிவுக்குக் குறுக்காகப் பட்டை பட்டையாக, ஒரு வருஷம் ஒரு பட்டை என்று எடுங்கள். வெட்டிய உண்ணிக் குச்சியைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் மண்ணைத் தடுக்கும். வெட்டிவேரை வரிசையாக நட்டால் இன்னும் நல்லது.

பழைய காபிச் செடி நாலு இருந்தால், மேலே இருக்கும் நிழலை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். வெயில் பட்ட அராபிகா காபிச் செடியைத்தான் வெள்ளைத் தண்டு துளைப்பான் வண்டு தேடி வரும். செடியிலும் தரையிலும் பறிக்காமல் விட்ட பழத்தைப் பொறுக்கிவிடுங்கள், காய் துளைப்பான் அதில்தான் அடுத்த வருஷத்துக்குக் குடியிருக்கும். மரம் வெட்டுவதற்கு மலைப்பகுதிக்கென்று 1955இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் ஆனாலும் வனத்துறையில் கேட்டுவிட்டுக் கத்தி வையுங்கள். புதருக்குள் பெரிதாக ஏதோ மூச்சுவிட்டால் காட்டெருமையாக இருக்கும். அன்றைக்கு வேலை கிடையாது.

காலி செய்த இடத்தில் என்ன நடலாம்?

முதல் ஆறு மாதம் ஒன்றும் வேண்டாம். சருகை நாலு விரல் கனத்துக்குப் போர்த்தி விடுங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எங்கே வெயில் விழுகிறது என்று ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கருப்பூர், மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் பூமியில் இருப்பவர்கள் எலுமிச்சை, செம்பருத்தியின் இளம் இலையைக் கவனியுங்கள். நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. காரத்தன்மை உள்ள மண்ணில் அது வழக்கம். நடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதித்துவிடுவது நல்லது, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

ஆள் வைத்தால் நாள் கூலியா, மொத்தமாகப் பேசுவதா?

நாள் கூலி. மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் முடிப்பதில்தான் அவருக்கு லாபம். துணி கட்டியதா கட்டாததா என்று பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. வெட்டின குப்பையை யார் அப்புறப்படுத்துவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். கடைசி நாள் சண்டையெல்லாம் அதில்தான் வரும். முடிந்தால் கூடவே இருங்கள். நான் கூட இல்லாத ஒரே நாளில் பிரண்டை முழுக்கப் போய்விட்டது.

எங்கள் மாமரக் கிளை பக்கத்து வீட்டு மாடிக்கு மேல் போகிறது. அவர்களாகவே வெட்டிவிடுவார்களோ என்று பயம்.

நீங்களே முந்திக்கொள்ளுங்கள். ஆடியில் வெட்டித் தருகிறேன் என்று பங்குனியிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். அந்தக் கிளையில் காய்ப்பது அவர்களுக்கு என்றும் சொல்லுங்கள். நான் அப்படிச் சொன்ன வருஷம் மல்கோவா அந்தக் கிளையில்தான் அதிகம் காய்த்தது. ஆடி வந்ததும், வெட்ட வேண்டாம் இருக்கட்டும் என்றார்கள்.